ஏஇசட்எஃப்-ஏ இழப்பும் ஏஇசட்எஃப்-சி இழப்பும்

விந்தில் விந்தணுக்களே இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் பலர் நேராக விந்தகத்திலிருந்து விந்தணு எடுக்கும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒய் குரோமோசோம் பரிசோதனை அவசியம். விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் என்ற பகுதிகள் (ஏ, பி, சி) அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இது.

ஏ பகுதி முழுவதும் இல்லையென்றால், விந்தணு உருவாகத் தேவையான டிடிஎக்ஸ்3ஒய் மரபணுவும் அதோடு போய்விடும். விந்தகக் குழாய்களில் விந்தணு வளரத் துணை நிற்கும் செர்டோலி செல்கள் மட்டுமே எஞ்சும், விந்தணுவை உருவாக்கும் செல்கள் இருக்காது. அங்கே கத்தி வைத்துத் தேடுவது வீண் வலி, வீண் செலவு.

சி பகுதி இழப்புதான் அதிகம் காணப்படுவது. அங்குள்ள டாஸ் என்ற விந்தணு உற்பத்தி மரபணுவின் நான்கு நகல்களும் போனாலும், விந்தகத்தின் சில இடங்களில் உற்பத்தி தொடரலாம். நுண்ணோக்கி வைத்துத் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் இருக்கும். நாளாக ஆக அதுவும் குறையலாம், ஆகவே விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் மகன் பிறந்தால், அவனுக்கும் இதே இழப்பு வரும்.