முக்காலி வந்த ஜவுளிக்கடை

தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது இந்த மூன்று மாடி ஜவுளிக்கடை. பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போவதில் முதல் பாதி அவர்களுக்குப் பெருமை தராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் ஒன்பது வருடம் நின்றவள் நான். நின்றவள் என்றால் நின்றவள்தான். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குவோம். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி. கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குப் பயந்து மதியத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் எனக்கு மிஞ்சிய போனஸ். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும், சேலையைப் பார்ப்பதற்கு முன் அதை எடுத்துப் போடுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

இந்தக் கடைக்கு முதலில் போனது தீபாவளிக்கு முந்தைய வாரம். இரண்டாவது மாடி மேலாளர் கையில் ஒரு சாவிக்கொத்து. பேச மாட்டார், கண்ணாடி மேசையில் அதால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் எதுவும் எடுக்காமல் படியிறங்கியது. "ஏன் விட்டாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு எடுத்துப்போட்ட பெண் அரக்குநிறப் பருத்திச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தி கோணிக்கொண்டு போனது. பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடியும் கோணியது. சாயம் போகுமா என்று கேட்டேன். போகாது என்றாள். முதல் அலசலிலேயே என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ரோஜாநிறமாகிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி எத்தனையோ பேருக்குப் 'போகாது' சொல்லி விற்றிருக்கிறேன்.

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மறுபடி போக வேண்டிவந்தது. அண்ணிக்கு அந்தக் கடைதான் ராசி. மாடி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை மேசைக்குப் பின்னால் கிடந்த நீலநிற பிளாஸ்டிக் முக்காலிகள். போன முறை எனக்கு எடுத்துப்போட்ட, பாப்பாரப்பட்டியிலிருந்து வருகிற அதே பெண் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தானாக எழுந்தாள். மேலாளர் புதியவர்.

சீருக்குப் பதினான்கு சேலை எடுத்தோம். ஒரு சிவப்புச் சேலைக் கட்டை நான் கையில் எடுத்தபோது அவள், "அக்கா, இதில் சாயம் இறங்கும். சீருக்கு வேண்டாம்" என்றாள். மேலாளர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். எனக்குத்தான் பகீரென்றது. அவர் வந்து கட்டை வாங்கிப் பார்த்து, "தனியாக எடுத்து வைம்மா, சரக்கு போட்டவருக்கே திருப்பிவிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவிக்கொத்து சட்டைப்பையில் இருந்திருக்கலாம்.

பில் போட ஆளுக்காகக் காத்திருந்தபோது, சம்பளம் கூட்டினார்களா என்று மெல்லக் கேட்டேன். "அதே சம்பளம்தான் அக்கா. முன்பெல்லாம் பஸ் ஏறும்போதே வயிறு கலக்கும். வீட்டுக்குப் போனால் பிள்ளையை அடிப்பேன். இப்போது அடிப்பதில்லை" என்றாள்.

வேலைக்கு நடுவே சமயம் கிடைத்தால் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவை 2021-லேயே சேர்த்துவிட்டார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. இந்தக் கடையின் இரண்டாவது மாடிக்கு அது ஏறிவர ஒரு மேலாளர் மாற வேண்டியிருந்தது.

மற்றபடி, முகூர்த்தப் பட்டில் நிறங்கள் நன்றாக இருக்கின்றன. விலை கிருஷ்ணகிரியைவிட ஐந்நூறு, அறுநூறு கூடத்தான். குழந்தைகள் துணிக்கு இங்கே போக வேண்டாம். லிஃப்ட் இரண்டு முறையும் ஓடவில்லை, என் காலுக்கு அது பெரிய குறை. ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

பிடித்துவைத்த ஒன்று தரைத்தள வேட்டிப் பிரிவுக்காக. அங்கே மேலாளர் வேறு ஆள். இரண்டு பையன்கள் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.