மூக்குக்கிட்ட ஒரு இடுக்கு: மால்ல புதுசா வந்த விஆர் கடை, 5க்கு 3 ஸ்டார்

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன கூட்டிட்டு மால்ல புதுசா தொறந்த விஆர் (கண்ண மூடி ஒரு ஹெட்செட் பெட்டி மாட்டுனா, வேற உலகத்துக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுறது) கடைக்கு போனேன். கடை பேரு போடல, ஏன்னா கொஞ்சம் குறை சொல்லப் போறேன், உள்ள வேலை பாக்குற பசங்க பாவம். ஒருத்தருக்கு 10 நிமிஷம் 350 ரூபா, ரெண்டு பேருக்கு 700, பார்க்கிங் தனி. இந்தக் காசுக்கு படம் பாத்து பாப்கார்னும் சாப்ட்ருக்கலாம்னு பில் போடும்போதே தோணுச்சு.

மொத்தம் மூணு ஐட்டம். ஜாம்பி சுடுறது சின்ன பசங்களுக்கு, விட்ருங்க. ரோலர் கோஸ்டர் எனக்கு ஒத்துக்கல, கண்ணு கீழ பாயுறேங்குது, காதுக்குள்ள இருக்க பேலன்ஸ் உறுப்பு சேர்லதானடா உக்காந்துருக்கங்குது, ரெண்டும் சண்டை போட்டா நடுவுல மாட்றது வயிறு. மதியம் சாப்டது தொண்டை வரைக்கும் வந்துட்டு போச்சு. சாப்ட்டு போகாதீங்க.

மூணாவது தான் விஷயம். பலகை.

ஹெட்செட் மாட்டுனதும் ஒரு லிஃப்ட்ல நிக்கிறோம், கதவு தொறந்தா எங்கயோ உச்சி மாடி, கீழ காரெல்லாம் எறும்பு மாதிரி போகுது, முன்னாடி அந்தரத்துல ஒரு பலகை நீட்டிட்டு இருக்கு, அதுல நடந்து முனை வரைக்கும் போகணும், அவ்ளோதான் கேம். ஆனா கடைக்காரன் கெட்டிக்காரன், தரையில நிஜமாவே ஒரு மரப்பலகை போட்டு, ஒரு ஓரத்துக்கு அடியில அட்டைய மடிச்சு சொருகி லேசா ஆடுற மாதிரி வச்சுருக்கான், எதிர்ல ஒரு பெடஸ்டல் ஃபேன் வேற. ஆக கண்ணுக்கு உயரம், காலுக்கு பலகை, மூஞ்சிக்கு காத்து.

எனக்கு நல்லாவே தெரியும், நான் நிக்கிறது மூணாவது மாடி ஃபுட் கோர்ட்டுக்கு பக்கத்து கடை, விழுந்தா தரை அரை அடி கூட இல்ல. தெரிஞ்சும் கால் நகரல. உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்குது. ஹோம் லோன் கட்டுற 46 வயசு ஆளு, "தம்பி, போதும் தம்பி"ன்னு அந்த கடைப் பையன்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறேன், பின்னாடி என் மருமகன் வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான்.

என்ன காப்பாத்துனது மூக்கு. இந்த ஹெட்செட்டுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு விழுது, நான் கண்ணாடி போட்டு மேல மாட்டுனதால இன்னும் கொஞ்சம் பெருசா விழுந்துச்சு. அது வழியா கண்ண தாழ்த்தி பாத்தா என் நீல சாக்ஸ், கட்டை விரல்கிட்ட ஓட்டை, பலகையோட ஓரம், வெள்ளை டைல்ஸ், டைல்ஸ் மேல யாரோ போட்ட ஒத்த பாப்கார்ன். அந்த பாப்கார்ன பாத்ததும்தான் போன உயிர் திரும்பி வந்துச்சு. கடைப் பையன் கவனிச்சுட்டு "சார் கீழ வெளிச்சம் தெரியுதா, ஸ்ட்ராப் டைட் பண்ணவா"ன்னான். வேணாம் ராசா அப்டியே இருக்கட்டும்னேன்.

வெளிய வந்து காபி வாங்கி உக்காந்தோம். பய ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் கேட்டான், "மாமா, இந்த மாலு, இந்த காபி, நீ, இதுக்கெல்லாம் மூக்கு இடுக்கே இல்லன்னா எப்டி கண்டுபிடிப்ப?"

நான் பி.ஏ. தத்துவம் (படிச்சுட்டு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்துருக்கேன், அது வேற கதை). இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு ஒருத்தரும் என்கிட்ட என் சப்ஜெக்ட்ல கேள்வி கேட்டு, விடுவேனா. 1641லயே டெகார்ட்னு பிரெஞ்சுக்காரர் இதத்தான்டா கேட்டார்னு ஆரம்பிச்சேன். நெருப்பு பக்கத்துல உக்காந்துருக்கேன்னு நினைக்கிறேன், ஆனா கனவுலயும் இப்டியே தோணிருக்கே, முழிப்புக்கும் கனவுக்கும் நடுவுல உறுதியான அடையாளம் எதுன்னு கேட்டார், அதோட விடாம எல்லா சக்தியும் இருக்க ஒரு ஏமாத்துக்காரன் வானம் பூமி எல்லாத்தையும் சும்மா காட்டிட்டு இருந்தான்னா என்ன பண்ணுவன்னும் கேட்டார். இடுக்கே இல்லாத ஹெட்செட். சந்தேகப்பட நான்னு ஒருத்தன் இருக்கணும், அது மட்டும் உறுதின்னார், அதுவரைக்கும் பிரமாதம், அதுக்கப்புறம் மிச்ச உலகத்த மீட்டுட்டு வர்றதுக்கு கடவுள் நல்லவர், ஏமாத்த மாட்டார்னு அவர ஜாமீன் கையெழுத்து போட வச்சுட்டார். எனக்கு காலேஜ்லயே அது ஒட்டல.

இன்னொருத்தர் கேம்ப்ரிட்ஜ் புரொபசர் மூர். 1939ல ஒரு லெக்சர்ல வெளி உலகம் இருக்குன்னு நிரூபிக்கிறேன்னுட்டு ஒரு கைய தூக்கி இதோ ஒரு கை, அடுத்தத தூக்கி இதோ இன்னொண்ணு, அதனால வெளியில பொருள் இருக்கு, முடிஞ்சுதுன்னார். க்ளாஸ்ல நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆனா லிஃப்ட்ல நின்னப்ப நான் முதல்ல பண்ணதே அதான், கைய தூக்கி பாத்தேன், ரெண்டு கருப்பு க்ளவுஸ் கை, ட்ரிகர் அழுத்துனா விரல் மடங்குது, மோதிரத்த காணோம். இதோ ஒரு கை, இதோ இன்னொண்ணு, ரெண்டும் என்னுது இல்ல! மூர் தோத்துட்டார்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சா, கை இல்லாம ட்ரிகர யாருய்யா அழுத்துனது? அவர் சொல்ல வந்ததும் அதுக்கு பக்கத்துலதான் இருக்கு, கை இருக்குங்கறதுல எனக்கு இருக்க உறுதி, அது இல்லாமலும் இருக்கலாம்னு நீ சொல்ற வாதத்து மேல இருக்க உறுதிய விட ஜாஸ்தி, அப்ப நான் எதை விடணும்?

பய ஒத்துக்கல. சரின்னு பில்லு பின்னாடி பேனாவால இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, 8 சென்டிமீட்டர் தள்ளி வலது பக்கம் ஒரு கருப்பு புள்ளி வச்சு குடுத்தேன். இடது கண்ண மூடிக்கோ, வலது கண்ணால குறிய மட்டும் பாரு, பேப்பர ஒரு அடி தூரத்துல இருந்து மெதுவா முன்ன பின்ன நகத்து. நாலஞ்சு தடவ நகத்திட்டு "ஐயோ புள்ளிய காணோம்"னு கத்துனான், பக்கத்து டேபிள்ல திரும்பி பாத்தாங்க. கண்ணுல இருந்து நரம்பு வெளிய போற எடத்துல பாக்குற செல்லே கிடையாது, அங்க விழுறது தெரியாது. 17ம் நூற்றாண்டுல மாரியோத்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. அதுல விஷயம் என்னன்னா, புள்ளி போன எடத்துல கருப்பா ஓட்டை தெரியாது, மூளை சுத்தி இருக்க வெள்ளை பேப்பர வச்சு ஒட்டுப் போட்டுடும். பொறந்ததுல இருந்து ஒட்டுப் போட்ட படத்தத்தான் பாத்துட்டு இருக்கோம், கம்ப்ளெயின்ட் எதுவும் வரல. "அப்ப நான் சொன்னதுதான கரெக்ட்டு"ன்னான். உதவி பண்ணப் போயி அவன் கட்சிக்கே ஓட்டு போட்டுட்டேன்.

சாயங்காலம் பெரியப்பா வீட்ல வீடியோ ஓடுச்சு. அவர் சைவ சித்தாந்தம் முறையா பாடம் கேட்டவர், அதோட குரு மெய்கண்டார்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். உலகம் மாயைன்னா பொய்னு அர்த்தம் இல்லடா, மாயைங்கறதே உள்பொருள், மண்ணுல இருந்து பானை வர்ற மாதிரி உலகம் அதுல இருந்து வருதுன்னார். இருட்டுல கயித்த பாம்புன்னு நினைக்கிறாங்களே, அது பொய் இல்லையான்னு நான் கேட்டேன். "கயிறுன்னு ஒண்ணு கிடந்ததாலதான நினைச்ச? பாம்ப எங்கயோ பாத்ததாலதான நினைச்ச? சரி, அந்தப் பெட்டி நிஜம்தான, 700 ரூபா நிஜம்தான?" 700 ரூபான்னதும் என் வீட்டம்மா என்ன பாத்தா, 400ன்னு சொல்லி வச்சுருந்தேன்.

பய விடல, "பெரிய தாத்தா, கயிறு பாம்பு ரெண்டுமே ஹெட்செட்டுக்குள்ள இருந்தா?" பெரியப்பா சிரிச்சுட்டு மோர் குடிக்கப் போயிட்டார்.

நான் எங்க நிக்கிறேன்னா, நிரூபிக்கல்லாம் முடியாது, மூர் கைக்கும் முடியாது பெரியப்பா கயித்துக்கும் முடியாது. ஆனா நான் பலகை மேல சந்தேகப்பட்டதுக்கு ஒரு காரணம் கிடைச்சுது, அந்த பாப்கார்ன். காபி மேல சந்தேகப்பட எந்த பாப்கார்னும் இல்ல, இருக்கலாமேங்கறது மட்டும்தான் இருக்கு, அத மட்டும் வச்சு எங்க ஆபீஸ்ல ஒரு க்ளெய்ம நிறுத்த முடியாது.

சரி, கடைக்கு வர்றேன். முகத்துல படுற ஸ்பான்ஜ் முன்னாடி போட்டவங்க வேர்வையில நனைஞ்சுருந்துச்சு, கேட்டாத்தான் தொடைச்சு குடுக்குறாங்க, கேளுங்க. கண்ணாடி போடுறவங்களுக்கு உள்ள வைக்க ஒரு ப்ளாஸ்டிக் வளையம் இருக்காம், எனக்கு அது முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. 10 நிமிஷத்துல மாட்டி சரி பண்றதுக்கே ரெண்டு நிமிஷம் போகுது, அதையும் கணக்குல சேக்குறாங்க, இது அநியாயம். பலகைக்கு மட்டும் 5 ஸ்டார் குடுக்கலாம், மத்ததுக்காக குறைச்சுட்டேன். ஓட்டை இல்லாத சாக்ஸ் போட்டுட்டு போங்க.

பய அடுத்த ஞாயிறும் போகணுங்கறான். இந்த தடவ ஸ்ட்ராப்ப நல்லா டைட்டா கட்டணுமாம்.