எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தகுந்தவர்களுக்குத் தகுந்த இடத்தில் செய்தால் அது ஆயுளைக் கூட்டும் சிகிச்சை. சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது குறைகிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருப்பதைக் காட்டியிருக்கிறது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அறுவை அரங்கில் கழியும் ஒன்றிரண்டு மணி நேரத்தை மட்டும் விற்றுக் காசாக்கிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை அப்படியே கைகழுவிவிடும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றிடம் நான் அகப்பட்டேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் எதையெல்லாம் செய்யாமல் விட்டார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதல் சந்திப்பில் நான் பார்த்தது மருத்துவரை இல்லை, நோயாளி ஒருங்கிணைப்பாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெண்ணை. எடையும் உயரமும் பார்த்தார், கால்குலேட்டரில் தட்டி, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணைக் கணக்கிட்டார், "பி.எம்.ஐ. 38 மேடம், நீங்கள் தகுதியானவர், ஸ்லீவ் செய்துவிடலாம்" என்றார். பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தாலே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே வழங்கலாம் என்று சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பது உண்மை. ஆனால் அந்த எண் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். எந்த அறுவை உங்களுக்குப் பொருந்தும் என்பதை அது சொல்லாது.

எனக்குப் பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல். இரவில் புளித்த நீர் தொண்டை வரை வரும், தலையணையை உயர்த்தி வைத்துத்தான் தூங்குவேன், தினமும் மாத்திரை. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். அந்தத் தாள் எங்கே போனது என்று இன்று வரை யாருக்கும் தெரியவில்லை. ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கும் அதிகமாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குறுகிய குழாயாக விட்டுவைப்பது. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அது முற்றலாம், இல்லாதவர்களுக்குப் புதிதாக வரவும் செய்யலாம். அதனால்தான் முன்கூட்டியே என்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, உதரவிதானத்தில் இடைவெளி வழியாக இரைப்பை மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதுக்களிப்பு கடுமையாக இருந்தால் பெரும்பாலும் பைபாஸ்தான், அதாவது இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவைதான், பரிந்துரைக்கப்படும். எனக்கு என்டோஸ்கோபி செய்யவே இல்லை. அந்த இடத்தில் ஸ்லீவ் தவிர வேறெதுவும் செய்வதில்லை என்பது வார்டில் படுத்திருந்தபோது ஒரு செவிலியர் வாய்மொழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

தயாரிப்பு என்ற பெயரில் நடந்ததும் இதே தரம்தான். அறுவைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த, புரதம் மிகுந்த உணவில் இருக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். பருமனான உடலில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது பெருத்திருக்கும். அதன் இடது பகுதி இரைப்பையின் மேல் கவிந்து கிடப்பதால், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இரண்டு வார உணவுக் கட்டுப்பாட்டிலேயே அது கணிசமாகச் சுருங்கும். எனக்குச் சொல்லப்பட்டதோ, "முந்தின நாள் வரை வழக்கம் போலச் சாப்பிடுங்கள், அதற்கப்புறம் முடியாதே" என்பது. பிறகு கையில் கிடைத்த அறுவைக் குறிப்பில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: கல்லீரல் பெருத்திருந்ததால் இரைப்பையின் மேற்பகுதியைப் பார்ப்பது சிரமமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை என்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு எது தேவையோ அது மட்டும். வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து எதையும் பார்க்கவில்லை. உடல் பருமன் இருப்பதாலேயே சத்துகள் நிறைந்திருக்கும் என்று நினைப்பது தவறு. அறுவைக்கு வரும் பலருக்கு இவை முன்பே குறைவாகத்தான் இருக்கும். குறட்டையைப் பற்றி, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. மனநல ஆலோசனை என்பது 'ஆம்', 'இல்லை' கட்டங்கள் உள்ள ஒரு தாள். ஒப்புதல் படிவம் முந்தின இரவு, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தது. வலது கையில் ஊசி குத்தியிருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. என் பெயர் குழந்தை கிறுக்கியது மாதிரிக் கோணலாகக் கிடக்கிறது. ஒருவர் விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு ஒப்புதல் தந்ததற்கான சான்று இதுதான் என்று அவர்கள் வாதிடுகிறார்கள்.

அறுவை செய்தவரை அதன் பிறகு ஒருமுறை, கட்டில் ஓரம் நின்றபடி பார்த்தேன். அவர் வெளியிலிருந்து வந்து போகிறவர். வருகிற நாளில் வரிசையாக அறுவை செய்வார், போய்விடுவார். டிஸ்சார்ஜ் ஆகும்போது எத்தனையாவது நகலோ தெரியாத, எழுத்து மங்கிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். முதலில் தெளிந்த திரவம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது. கீழே ஒரே வரியில், "மல்டிவைட்டமின், தினம் ஒன்று". நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், ஒன்றரை லிட்டர் நீரை வாய் வாயாகப் பிரித்துக் குடிக்க வேண்டும், சாப்பாட்டையும் தண்ணீரையும் அரை மணி இடைவெளி விட்டு எடுக்க வேண்டும், பி12, கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து, தயமின் எல்லாம் வாழ்நாள் முழுதும் தனிக் கணக்கில் எடுக்க வேண்டும், கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது என்பதெல்லாம் பிறகு வேறு மருத்துவர்களிடம் நான் தெரிந்துகொண்டவை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்காமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். உணவு சுருங்கிய மறுநாளே மாத்திரையின் தேவையும் சுருங்கிவிடும், பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கமே வரலாம்.

வாந்தி, மசித்த உணவுக்கு மாறிய நாட்களில் தொடங்கியது. அழைத்தேன். "மெதுவாகச் சாப்பிடுங்கள் மேடம், எல்லோருக்கும் இப்படித்தான்." மெதுவாகச் சாப்பிட்டேன், நிற்கவில்லை. மறுபடி திரவத்துக்கே போனேன், நிற்கவில்லை. கடைசியில் தண்ணீர் கூட இறங்கவில்லை. ஒரு மிடறு விழுங்குவேன், அது நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே போய் நிற்பது நன்றாகத் தெரியும், ஒரு அழுத்தம் ஏறும், வாயெல்லாம் உமிழ்நீர் ஊறும், பிறகு வெள்ளை நுரையோடு அப்படியே திரும்பி வரும். இதைச் சொல்லுக்குச் சொல் தொலைபேசியில் விவரித்திருக்கிறேன். வாந்தி நிறுத்தும் மாத்திரையின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். விழுங்கவே முடியாதவளுக்கு மாத்திரை! அறுவை செய்தவரிடம் பேச வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், அவர் அரங்கில் இருக்கிறார், அழைப்பார் என்ற ஒரே பதில். அழைக்கவில்லை.

தாளாமல் அவர்களுடைய அவசரப் பிரிவுக்கே போய் விழுந்தேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் நீரிழப்பு என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார், வாந்தி நிற்க ஊசி போட்டார், மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் கதவின் சட்டம் இரண்டாகத் தெரியத் தொடங்கியது. நடந்தால் கால்களை அகட்டி வைக்க வேண்டியிருந்தது, பாதத்துக்குக் கீழே தரை இருப்பதே உணர்வில் இல்லை. என் தம்பிதான் முகத்தை உற்றுப் பார்த்து, "அக்கா, உன் கண் ஏன் இப்படி ஆடுகிறது?" என்று கேட்டான். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் விழிகள் ஓர் இடத்தில் நில்லாமல் துடித்தனவாம். அன்றிரவே வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

அங்கே இருந்த மருத்துவர் கேட்டவை இரண்டு: எப்போது அறுவை நடந்தது, எவ்வளவு காலமாக வாந்தி. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நரம்பில் தயமின் ஏற்றச் சொல்லிவிட்டார். தயமின் என்பது வைட்டமின் பி1. உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. மூளை குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்க அது இல்லாமல் முடியாது. கையிருப்பு தீர்ந்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்ததும் அதிலேயே செலவாகி நிலைமை மோசமாகலாம். கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்து கார்ல் வெர்னிக்கே 1881-லேயே விவரித்துவிட்டார், அந்த நோய்க்கு அவர் பெயரேதான். மூன்றும் சேர்ந்துதான் வரும் என்றில்லை, ஒன்றிரண்டு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கும். வாந்தி நிற்காத பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை) நோயாளிக்கு முதலில் தயமின் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அறுவை செய்த இடத்திலேயே அது தெரிந்த ஒருவர் பணியில் இல்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வாந்திக்கான காரணம் மறுநாள் என்டோஸ்கோபியில் தெரிந்தது. இரைப்பைக் குழாய் நடுவில் வளையும் இடத்தில் சுருங்கி அடைத்திருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள், ஒருமுறையில் சரியாகவில்லை, மீண்டும் விரிக்க வேண்டியிருந்தது. கண் சில நாட்களில் நேரானது. கால் மரத்துப்போனது மாதக்கணக்கில் இழுத்தது, விரல் நுனிகளில் இப்போதும் மிச்சம் இருக்கிறது. நெஞ்செரிச்சல் முன்பைவிட அதிகம்.

புகாருக்கு வந்த பதிலில், "நோயாளி உணவு அறிவுரைகளைப் பின்பற்றவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். தொடர் கவனிப்பு பேக்கேஜில் 30 நாட்களுக்கு மட்டுமே என்றும் ஒரு வரி. நான் அழைத்த அழைப்புகளின் பதிவு என் கைப்பேசியில் அந்த 30 நாட்களுக்குள்ளேயே வரிசையாக இருக்கிறது. ஸ்லீவ் வெட்டும்போது, எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதற்கு உள்ளே ஓர் அளவுக் குழாயை வைத்து அதை ஒட்டி ஸ்டேப்லர் அடிப்பார்கள். அதன் அளவை அறுவைக் குறிப்பில் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

தேதி வாங்கியிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அறுவை செய்பவரையே நேரில் பார்த்துப் பேசுங்கள். எனக்கு ஏன் இந்த அறுவை, ஏன் மற்றது இல்லை என்று கேளுங்கள். பைபாஸும் ஸ்லீவும் இரண்டும் செய்கிற இடமா என்று விசாரியுங்கள். ஒன்று மட்டும் செய்கிற இடத்தில் எல்லோருக்கும் அதுதான் பொருத்தமாகிவிடும். நள்ளிரவில் சிக்கல் வந்தால் யார் எடுப்பார்கள், அவர் பேரியாட்ரிக் தெரிந்தவரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு யார் அழைப்பார்கள் என்று கேட்டு, பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களுக்கு, 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை அவர்களாகவே சொல்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்பதையும் சொல்லவில்லை. அதற்காக நான் அழுத அழுகை தனி.

அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நின்றாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், இடது தோளில் வலி, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்காதீர்கள். தையல் கோட்டில் கசிவோ ரத்தக் கட்டியோ இருக்கலாம், அவை மணிக்கணக்கில் உயிரைக் குடிப்பவை. வாந்தி இரண்டு மூன்று நாட்களாக நிற்கவில்லை என்றால் இன்றே போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஏனென்றால் குழப்பம் தொடங்கிவிட்டால் உங்களால் எடுத்துச் சொல்ல முடியாது. அறுவை நடந்த தேதியையும் வாந்தி தொடங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன் தயமின் போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.