ஒரு சாகுபடிப் பருவம் பந்து உருட்டிய பிறகு: ஜவ்வு, குதிகால், நடவு முதுகு

கறிக்கடையில் ஆட்டுத் தொடையை அறுக்கும்போது சதை மேல் வெள்ளையாக ஒரு ஜவ்வு உரியுமே, அதுதான் ஃபேசியா. நம் உடம்பிலும் தசையைப் போர்த்தி, தசைக்குள்ளும் புகுந்து, உள்ளங்காலிலிருந்து பிடரி வரை விட்டுப்போகாமல் ஓடுகிறது. நரம்பு முனைகள் நிறைந்த இடம். ஆகவே அது வெறும் உறை இல்லை, உணரும் உறுப்பும்கூட.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் அடைக்கிற கணக்கில், ஒரு முழுப் பருவம் செய்து பார்த்தால்தான், பந்து உருட்டி இந்த ஜவ்வைத் தளர்த்தும் பயிற்சியின் தராதரம் தெரியும். தேவை: டென்னிஸ் பந்து, துண்டு, வாசற்படி. ஃபோம் ரோலர் (உடம்புக்கு அடியில் வைத்து உருளும் நுரை உருளை) இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை. விலை மலிந்த ரோலர் சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும். முள் வைத்தது வேண்டவே வேண்டாம்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் அடியிலேயே குதிகால் சுள்ளென்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலின் முன்விளிம்பிலிருந்து விரலடி வரை பந்தை உருட்டுங்கள். ஒரு இழுப்புக்குப் பத்து வினாடி, ஒரு காலுக்கு இரண்டு நிமிடம். வலி பத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது. நோகிற இடத்தில் நின்று மூன்று மூச்சு.

இங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். "முடிச்சை உடைக்கிறேன்" என்று ஏறி மிதிப்பார்கள். முடிச்சு உடைவதில்லை. உள்ளங்கால் ஜவ்வை ஒரு சதவீதம் அமுக்கவே கைவைத்தியத்தின் பலம் போதாது என்று 2008-ல் வெளியான கணக்கீடு காட்டியது. உருட்டினால் கிடைக்கிற தளர்வு நரம்பு வழியாக வருவது, அதுவும் நிமிடக் கணக்குதான். அந்த நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

துண்டைச் சுருட்டி வாசற்படி விளிம்பில் வைத்து, விரல்களை அதன் மேல் ஏற்றி, குதிகால் வெளியே தொங்க நில்லுங்கள். மூன்று வினாடியில் மேலே, இரண்டு வினாடி நிறுத்தம், மூன்று வினாடியில் கீழே. பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது, அங்கேதான் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். ஜவ்வு மாற மாதங்கள் ஆகும்.

நடவு முதுகு, அதாவது குனிந்து நாற்று நட்டு வரும் முதுகுவலி, வேறு சங்கதி. நாற்றுமுடியை இடது கையில் பிடித்து, முழங்கையை இடது தொடையில் ஊன்றி, வலது கையால் நடுகிறபோது சுமை ஒருபக்கமாகவே விழுகிறது. வலது அக்குள் பக்கத் தசையும் இடது புட்டத் தசையும் முதுகின் அடிப்பக்க ஜவ்வில் குறுக்காக இணைகின்றன. அதனால் நோகும் இடத்தை மட்டும் தேய்த்துப் பிரயோஜனமில்லை. திண்ணைத் தூணை இடுப்பு உயரத்தில் வலது கையால் பிடித்து, முட்டியை லேசாக மடக்கி, எடையை இடது புட்டத்துக்குப் பின்தள்ளுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு ஓடுவது தெரியும். ஐந்து மூச்சு, பக்கத்துக்கு மூன்று முறை. இழுப்பு எங்கே நின்றுபோகிறது என்று கவனியுங்கள், பாதி வேலை அந்தக் கவனம்தான். வரப்பேறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வது, ராத்திரி அரைமணி ரோலரில் புரள்வதைவிட மேல். இடுப்பெலும்புக்கு மேலே நடுமுதுகெலும்பில் பந்தை வைக்காதீர்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பந்தைத் தொட வேண்டாம். மின்சாரம் பாய்கிற மாதிரி சுரீரென்றால் அது நரம்பு, உடனே நிறுத்துங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உருட்டாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

பந்து நாலைந்து மாதத்தில் தொய்ந்துவிடும், மாற்றிக்கொள்ளுங்கள்.