பேரனுக்கு ஒரு சேனல்: சீ டிவி, ஃபியூஷன், எல் ரே

அமெரிக்காவில் ஒரு லத்தீனோ குடும்பம், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பம். பாட்டி யூனிவிஷன் சேனலில் ஸ்பானிய மொழித் தொடர் பார்ப்பார். அமெரிக்காவில் பிறந்த பேரனோ சிரிப்பதும் சண்டை போடுவதும் ஆங்கிலத்தில்தான். அந்தப் பேரனைப் பிடிக்கக் கேபிளில் வலை விரித்தவற்றுள் மூன்று சேனல்கள் முக்கியமானவை. மூன்றும் இன்று கேபிளில் இல்லை. ஆனாலும் அவனைச் சரியாகக் கணித்தது எது என்று கேட்டால் என் ஓட்டு எல் ரேவுக்கு.

முதலில் வந்தது சீ டிவி. நகைச்சுவை மேடையிலிருந்து வந்த ஜெஃப் வால்டெஸின் தயாரிப்பு நிறுவனம் 2004இல் சேனலாக வளர்ந்தது. ஆங்கிலம் பேசு, லத்தீனோவாக வாழ் என்பதே அதன் முழக்கம். இலக்கு இத்தனை தெளிவாக வேறு எந்தச் சேனலுக்கும் இருக்கவில்லை. கையில்தான் காசில்லை, அரட்டை, மாடல் அழகிப் போட்டி என்று சிக்கனமாகவே ஓட்டினார்கள். 2011இல் நுவோ டிவி என்று பெயர் மாறியது. நுவேவோ என்றால் ஸ்பானிய மொழியில் 'புதிய'. அந்தச் சொல்லிலும் ஓர் எழுத்தைக் கடித்துவிட்டார்கள்! ஜெனிஃபர் லோபஸ் பங்குதாரராகச் சேர்ந்தும் நிலைமை தேறவில்லை. 2014இல் ஃபியூஸ் என்ற இசைச் சேனலை விலைக்கு வாங்கினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் வாங்கியவரின் பெயர் மறைந்து, வாங்கப்பட்டதன் பெயர் நிலைத்தது. ஃபியூஸ் எட்டிய வீடுகள் மிக அதிகம். கேபிள் கணக்கில் அதுதான் சொத்து.

ஃபியூஷன் பணக்கார வீட்டுப் பிள்ளை. டிஸ்னியின் ஏபிசியும் யூனிவிஷனும் சேர்ந்து 2013 அக்டோபரில் தொடங்கிய செய்திச் சேனல் அது. ஹோர்ஹே ராமோஸ் போன்ற பெரிய செய்தியாளர் ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் லத்தீனோ இளைஞர் என்று தொடங்கிய இலக்கு, எல்லா இளைஞரும் என்று விரிந்தது. எல்லாருக்கும் என்று சமைத்த சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. 2016இல் டிஸ்னி விலகியது. 2021 முடிவில் திரை அணைந்தது.

எல் ரே பிறந்ததற்கு ஒரு வாக்குறுதி காரணம். என்பிசி யூனிவர்சல் என்ற ஊடக நிறுவனத்தைக் கையகப்படுத்த அரசின் அனுமதி வேண்டிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், சிறுபான்மையினரின் சேனல்களுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்த வாசலில் நுழைந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ். 2013 டிசம்பரில் வந்த அவரது சேனல் பார்வையாளரிடம் 'நீ யார்' என்று விசாரிக்கவே இல்லை. குங்ஃபூ படம், பேய்ப் படம், ரத்தம் தெறிக்கும் தொடர் என்று விருந்து வைத்தது. லத்தீனோ அடையாளம் கதையோடு கதையாக வந்தது. அதற்குச் சிறந்த சாட்சி, முகமூடி மல்யுத்தத்தைத் தொடர்கதையாக்கிய 'லுச்சா அண்டர்கிரவுண்ட்'. மெக்சிகோவின் பழைய மரபு லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதிக் கிடங்கு ஒன்றில், ஆங்கில வர்ணனையோடு மறுபிறவி எடுத்தது. பாட்டியும் பேரனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய நிகழ்ச்சி அது ஒன்றுதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. மறு ஒளிபரப்புகள் ஏராளம். நடுவில் திருப்பிப் பார்ப்பவருக்கு இது லத்தீனோ சேனல் என்றே தெரியாது. 2020 டிசம்பர் 31ஆம் தேதி கேபிளிலிருந்து விடைபெற்று, அடுத்த ஆண்டு இணையவழிச் சேனலாகத் திரும்பியது. தேடிப் பார்க்க விரும்புபவர்கள் அந்த மல்யுத்தத்தின் முதல் பருவத்திலிருந்து தொடங்கலாம்.