பாரிஸில் தெரிந்த முகம் எதிர்ப்படும் காபிக்கடை: கஃபே த லா பே

கஃபே த லா பேயின் வெளி இருக்கையில் போதிய நேரம் உட்கார்ந்திருந்தால், தெரிந்தவர் ஒருவராவது எதிர்ப்படாமல் போகமாட்டார் என்று பாரிஸில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் பெரும்பகுதி உண்மை என்றே சொல்வேன்.

அதற்குக் காரணம் கடை இருக்கும் இடம். வெளியூர்ப் பயணிகளுக்கென்றே கட்டப்பட்ட ஒரு பெரிய ஓட்டலின் தரைத்தளத்தில் 1862-இல் திறக்கப்பட்ட இக்கடைக்கு எதிரே 1875-இல் ஓபெரா அரங்கம் எழுந்தது. சதுக்கத்தின் அடியில் 3, 7, 8 ஆகிய மூன்று மெட்ரோ தடங்கள் சந்திக்கின்றன. அரங்கத்தின் பின்புறமோ, சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் இறங்கும் பெரிய பல்பொருள் அங்காடிகள். பாரிஸுக்கு வரும் பயணி ஒருமுறையேனும் இந்த மூலையைக் கடக்காமல் ஊர் திரும்புவது கடினம். குறிப்பிட்ட ஒருவரை வெளிநாட்டில் தற்செயலாகச் சந்திப்பது மிக அரிது என்றாலும், நாம் வாழ்நாளில் அறிந்த நூற்றுக்கணக்கானோரில் யாரேனும் ஒருவர் என்று கணக்கிட்டால் அவ்வளவு அரிதில்லை. அதோடு, பாரிஸ் வழக்கப்படி வெளி நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்தே போடப்பட்டிருப்பதால் கடந்து செல்லும் ஒவ்வொரு முகமும் நம் கண்ணில் படுகிறது.

எனக்கு முதலில் கேட்டது குரல்தான். சேலைக்கு மேல் தடித்த ஸ்வெட்டர் அணிந்த ஓர் அம்மாள், சாலையைக் கடக்க நின்றபடி, "டேய், பஸ் எந்தப் பக்கம்டா நிக்கும்?" என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றதும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் தம்பிதானே?" என்றார். ஈரோட்டில் எங்கள் தெருவில் குடியிருந்து, கணவருக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போன அக்கா அவர். குழுவின் வழிகாட்டி கொடியை ஆட்டி அழைக்கும்வரை, சில நிமிடங்கள் அங்கேயே நின்று பழைய தெருவை வீடு வீடாக விசாரித்து முடித்தார். லா சப்பேல் பகுதியின் ஈழத்தமிழர் கடைத்தெருவில் இப்படி நடந்திருந்தால் இவ்வளவு வியந்திருக்க மாட்டேன்.

கடையைப் பொறுத்தவரை, வண்ணம் தீட்டிய கூரையும் பொன்முலாம் பூசிய தூண்களும் கொண்ட உள்கூடம் பார்க்க வேண்டியதே. ஆனால் சந்திப்பை விரும்புவோர் வெளியிலேயே உட்கார வேண்டும். விலை அதிகம்தான், எனினும் சேவைக் கட்டணம் அதிலேயே அடங்கியிருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்கும் கட்டாயமில்லை. அடுக்கடுக்காக மொறுமொறுவென்று உடையும் மில்ஃபாய் இனிப்பு இக்கடையின் பெயர் சொல்லும் பண்டம். வெங்காய சூப்பைப் பிரான்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் காய்ச்சுவார்கள் என்பதால் சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. மதிய உணவு நேரம் கழிந்த பின் சென்றால், ஒரே ஒரு காபியோடு நெடுநேரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம்.