தஞ்சாவூரா, கும்பகோணமா?

விடுமுறையில் தங்கிப் பார்த்து, பிடித்தால் அங்கேயே குடியேற நினைக்கும் தம்பதிகளுக்கு:

மருத்துவம்: தஞ்சாவூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் பெரிய சிகிச்சைக்குப் பலரும் 40 கி.மீ. தாண்டி தஞ்சாவூருக்குத்தான் வருகிறார்கள்.

பயணம்: ரயில் இரண்டுக்கும் உண்டு. திருச்சி விமான நிலையம் தஞ்சைக்குக் கிட்டே.

அன்றாடம்: கும்பகோணத்தில் கோயில், கடைத்தெரு, கொழுந்து வெற்றிலை எல்லாம் நடைதூரம். தெருக்கள் குறுகல், கார் நிறுத்தத் திண்டாட்டம். 2028 மகாமகத்துக்கு ஊர் தாங்காது. தஞ்சையின் புது நகர்களில் தெரு அகலம்; பால் வாங்கவும் வண்டி எடுக்கணும்.

பொங்கலுக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா ஊரும் அழகுதான். ஐப்பசி மழையில் போங்கள். வாடகைக்குப் பார்க்கும் வீட்டின் சுவரில் கணுக்கால் உயரத்தில் ஈரக்கறை இருக்கிறதா, வாசல் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள்.

வயதான பெற்றோரும் கூட வந்தால் தஞ்சாவூர். நீங்கள் இருவர் மட்டும் என்றால் கும்பகோணம். என் ஓட்டு அதற்கே.